வேட்டிக்கு மேல் குல்லாவா?

காந்தி ஜெயந்தி மாறுவேடப் போட்டி பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும் படத்தையும் பார்த்தேன். முழங்கால் வரை வேட்டி, கையில் தடி, தலையில் ‘காந்தி குல்லா’ எனப்படும் வெள்ளைக் கதர்க் குல்லா. பிள்ளைகள் அழகுதான், ஆனால் வேட்டியும் குல்லாவும் சேராது. காந்தி அந்தக் குல்லாவை அணிந்தது சில ஆண்டுகளே. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது சட்டையோடு குல்லாவையும் விட்டுவிட்டுத்தான் முழங்கால் வேட்டிக்கு மாறினார். பெயர் அவருடையது, தலை நேருவுடையது! பின்னாளில் குல்லாவும் கையுமாக இருந்தவர்கள் நேருவும் மற்றக் காங்கிரஸ்காரர்களும்தான்.

இதில் நானும் குற்றவாளி. ஆசிரியராக இருந்தபோது, மொட்டைத் தலை வேண்டாம் என்று அழுத ஒரு சிறுவனுக்கு, வெள்ளைத் துணியைப் படகுபோல் மடித்து ஊசி குத்தி மாட்டிவிட்டேன். முதல் பரிசும் வாங்கினான். சரி, போகட்டும். இனி இத்தகைய படங்களின் கீழ் குல்லாவின் மதுரைக் கதையை ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். பள்ளிகளும் குல்லாவை நேரு வேடத்துக்கு ஒதுக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை