மீட்டெடுத்த கோப்புகளின் தேதிகள் மாறிப்போவது குறித்த புகார்

அனுப்புநர்:
கணினிப் பொறுப்பாளர்,
தேயிலைத் தொழிற்சாலை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
காப்புநகல் மென்பொருள் பிரிவு.

பொருள்: மீட்டெடுப்பின்போது கோப்புகளின் திருத்த நேரமும் அணுகல் நேரமும் தவறாகப் பதிவாவது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் தொழிற்சாலை, அரவேணு, கட்டபெட்டு பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்பி வருகிறது. தொழிற்சாலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எடை இயந்திரம் ஒரு சிறு கோப்பை உருவாக்கும். அதன் பெயரில் வண்டி எண்ணும் வரிசை எண்ணும் மட்டுமே இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு எடை போடப்பட்டது என்பதைக் கோப்பின் திருத்த நேரத்தை, அதாவது அதன் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை, கொண்டே அறிகிறோம். பெயரிலேயே தேதியைச் சேர்த்திருக்கலாமே என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். பெயரிடும் முறை இயந்திரத்துக்குள் அமைந்தது. அதை மாற்றுவது எங்கள் கையில் இல்லை.

வடகிழக்குப் பருவமழையின்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் எங்கள் லினக்ஸ் சர்வரின் ஹார்ட் டிஸ்க் பழுதானதால், தங்கள் மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்டெடுத்தோம். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் குறையவில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அநேகமாக எல்லாக் கோப்புகளின் திருத்த நேரமும் மீட்டெடுத்த இரவின் நேரமாகவே இருந்தது. இலை வராத வண்டிக்கு உருவாகும் காலிக் கோப்புகளில் மட்டும் பழைய தேதி அப்படியே இருந்தது.

காலிக் கோப்பு மட்டும் எப்படித் தப்பியது என்பதை அறிய, ஒரு நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளை வரிசையாகப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ் கருவியை வைத்து மீட்டெடுப்பை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். தங்கள் நிரல் கோப்பைத் திறந்ததும், யூடைமென்ஸாட் என்ற இயங்குதள அழைப்பின் வழியாகப் பழைய நேரத்தைச் சரியாகவே பதிக்கிறது. அதன் பிறகுதான், இடைநினைவகத்தில் தேங்கியிருந்த எடை விவரங்களை ரைட் அழைப்பால் எழுதிவிட்டுக் கோப்பை மூடுகிறது. எழுதிய கணத்தில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தன் கடமைப்படி, திருத்த நேரத்தை அப்போதைய நேரமாக மாற்றிவிடுகிறது. காலிக் கோப்பில் எழுத எதுவும் இல்லாததால் அதன் தேதி பிழைத்தது. எழுதி முடித்தபின் நேரத்தைப் பதித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது.

அதே அழைப்பில் இன்னொரு பிழையும் உண்டு. கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்டதைக் குறிக்கும் அணுகல் நேரத்தின் இடத்தில் பூஜ்யம் அனுப்பப்படுவதால், மீட்டெடுத்த கோப்புகள் யாவும் 1970 ஜனவரி 1 காலை 5.30 மணிக்குக் கடைசியாகப் படிக்கப்பட்டவையாகக் காட்டுகின்றன. அந்த நேரத்தைத் தொடாமல் விட விரும்பினால் அதற்கென்றே யூடைம்_ஓமிட் என்ற மதிப்பு இருக்கிறது. கோப்பை ஒருமுறை படித்ததும் இந்தத் தடயம் மறைந்துவிடலாம். ஆகவே சோதிப்பவர்கள், கோப்பைப் படிக்காமலே அதன் நேரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையை முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இழப்பு இத்தோடு நிற்கவில்லை. எங்கள் குன்னூர் அலுவலகத்துக்கு இரவுதோறும், இரு கணினிகளின் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் ஆர்சிங்க் மென்பொருள் மூலம் நகல் போகிறது. அளவும் திருத்த நேரமும் ஒத்திருக்கும் கோப்பை அது தாண்டிச் செல்லும். அன்று காலிக் கோப்புகளைத் தவிர எதுவும் ஒத்துப்போகாததால், இரு பக்கமும் மற்ற எல்லாக் கோப்புகளையும் படித்து ஒப்பிட்டு, இறுதியில் அங்கே சரியாக இருந்த தேதிகளையும் தவறான தேதிகளாக மாற்றிவிட்டது. எந்த நாள் இலைக்கு எந்த விலை என்று கேட்டு வரும் விவசாயிக்குக் கைப்புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோப்பின் நேரத்தை இயங்குதளமே வைக்கிறது, மென்பொருளால் ஒன்றும் செய்ய இயலாது என்பது தங்கள் முதல் பதில். கோப்பின் நிலை மாறிய நேரத்துக்கு (கோப்பைப் பற்றிய விவரங்கள் கடைசியாக மாறிய நேரத்துக்கு) அது பொருந்தும். அதைப் பதிக்க எந்த அழைப்பும் இல்லை, நாங்களும் அதைக் கேட்கவில்லை. ஆனால் திருத்த நேரத்தையும் அணுகல் நேரத்தையும் கோப்பின் உரிமையாளர் விரும்பியபடி வைக்கலாம். இயங்குதளங்களுக்கான பொது விதிமுறையான போசிக்ஸ் தரத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, நானோநொடி அளவுக்கு, இதற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. பென் டிரைவில் நகலெடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னது அதைவிட வேடிக்கை: பென் டிரைவ்களில் வழக்கமாக உள்ள ஃபேட்32 கோப்பு அமைப்பு திருத்த நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் குறிக்கும், அதிலும் மாறிப்போன தேதிதானே ஏறும்?

சரியான நேரங்கள் தங்கள் காப்புநகலின் பட்டியலில் இன்னமும் பத்திரமாக இருக்கின்றன. எனவே, உள்ளடக்கத்தைத் தொடாமல் அந்த நேரங்களை மட்டும் கோப்புகளில் பதிக்கும் ஒரு கருவியை எங்களுக்கு உடனே அனுப்பவும், அழைப்புகளின் வரிசையை அடுத்த பதிப்பில் திருத்தவும், அதுவரை இந்தக் குறையை மற்ற வாடிக்கையாளர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். எஸ்ட்ரேஸ் பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இம்மாத இறுதிக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், ஆண்டுச் சந்தாவைத் திரும்பக் கோரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்