மரக்கிளையில் தொங்கிய சோறு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சுதந்திர தின விழாவுக்கு மகளின் பள்ளிக்குப் போயிருந்தேன். கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், 1947 என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார்கள். சரி, நல்ல விழாதான். ஆனால் நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு போராட்டத்தைப் பற்றிக்கூட யாரும் வாய் திறக்கவில்லை என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர், வெள்ளைக்காரர்களின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள, திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு நடந்தே கிளம்பினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறைதான் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி, அவர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யாரைப் பிடித்து உள்ளே போடுவது?

அப்புறம், அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக நின்ற முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன். சவரம் செய்துகொண்டிருக்கும்போதே எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதி முகத்தோடு அப்படியே விட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்த மனிதர், அதற்காகச் சிறைக்கும் போனவர்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னபோது, "அந்தச் சோத்தை யாருப்பா கட்டுனாங்க?" என்று கேட்டாள். அவர்கள் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த ஆகஸ்ட் மாதமாவது இப்படி ஊருக்கு ஒரு கதையாக உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள். பள்ளியில் காலை வழிபாட்டில் அதை வாசிக்கச் சொல்லி நானே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்