விருது வேறு, சம்பளம் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் சீசன் முடிவில் யார் யாருக்கு விருது போகும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணிப்புகள் நன்றாகவே இருந்தன, அதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் 65 ஆட்ட விதியை நல்ல விதி என்று ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கட்டுரை அடுத்த விஷயத்துக்குத் தாவியது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விதி தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் குறைந்தது 65 ஆட்டங்களாவது ஆடியவர்தான் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது), சிறந்த தடுப்பாட்டக்காரர், ஆல்-என்பிஏ அணி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று தேர்வாகும் மூன்று அணிகள்) போன்றவற்றுக்குத் தகுதி பெறுவார். சும்மா களத்தில் தலைகாட்டிவிட்டு வந்தால் கணக்கில் வராது, ஓரிரு விதிவிலக்குகள் தவிர ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும். 2023-24 சீசனில் இது நடைமுறைக்கு வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் நன்றாக இருக்கும்போதே ஓய்வு என்று உட்கார்ந்துவிடுவதும், அவர்களைப் பார்க்கவே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாந்து திரும்புவதும் வாடிக்கையாகிப் போயிருந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான், நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் விதி வந்த முதல் வருடமே என்ன நடந்தது? பிலடெல்பியா அணியின் ஜோயல் எம்பீடு அப்போதைய எம்விபி. 2024 ஜனவரி 22 அன்று சான் அன்டோனியோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் அடித்தார். சில நாட்களில் முழங்கால் தொல்லை. டென்வரில் நடந்த ஆட்டத்தில் கடைசி நேரத்தில் விலகியதும், டென்வர் அணியின் நட்சத்திரம் நிகோலா யோகிச்சை எதிர்கொள்ளப் பயந்து ஒதுங்கிவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள், இன்னும் எத்தனை ஆட்டம் தவறவிட்டால் எம்விபி கை நழுவும் என்று தொலைக்காட்சியில் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 30, கோல்டன் ஸ்டேட்டுடன் ஆட்டம். அன்று எம்பீடு இறங்கினார். கால் சரியில்லை என்பது அவர் ஓடுவதைப் பார்த்தாலே தெரிந்தது. நான்காவது குவார்ட்டரில் தரையில் கிடந்த பந்துக்காகப் பாய்ந்தபோது ஜோனதன் குமிங்கா அவருடைய இடது முழங்கால் மேல் விழுந்தார். அப்புறம் அறுவை சிகிச்சை, ஏப்ரல் வரை ஓய்வு. அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 39 ஆட்டம். விதிதான் அவர் காலை உடைத்தது என்று நான் சொல்லவில்லை, குமிங்கா விழுந்தது விபத்து. ஆனால் உட்கார வேண்டிய ஒரு மனிதரைக் களத்துக்குத் தள்ளும் எதையும் நல்ல விதி என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியுமா?

அதே சீசனில் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்டன் தொடைத் தசைக் காயத்தோடு திரும்பி வந்து, நிமிடக் கட்டுப்பாட்டோடு ஆட்டங்களை ஒப்பேற்றினார். இது முட்டாள்தனமான விதி என்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் 65-ஐத் தாண்டி, ஆல்-என்பிஏ மூன்றாம் அணியில் இடம் கிடைத்து, அவருடைய ஒப்பந்தம் சுமார் 4 கோடி டாலர் கூடியது. எல்லாச் சிக்கலும் தொடங்கும் இடம் இதுதான். எம்விபி அல்லது ஆல்-என்பிஏ கிடைத்தால், அணியின் சம்பள வரம்பில், அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பில், ஓர் ஆட்டக்காரர் வாங்கக்கூடிய பங்கே உயர்ந்துவிடுகிறது, 25 சதவீதம் 30 ஆகிறது, அனுபவசாலிகளுக்கு 30 சதவீதம் 35 ஆகிறது. இத்தனை பணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வலிக்கிறது, உட்காருகிறேன் என்று எந்த ஆட்டக்காரருக்குச் சொல்ல மனம் வரும்?

இந்தப் பணத்தைத் தீர்மானிப்பது யார் என்றும் பாருங்கள். இந்த விருதுகளுக்கு வாக்களிக்கும் சுமார் 100 பத்திரிகையாளர்களும் வர்ணனையாளர்களும். 2021-ல் பாஸ்டன் அணியின் ஜேசன் டேட்டம் ஆல்-என்பிஏ அணியில் இடம் பெறாமல் போனதால் அவர் இழந்தது 3 கோடி டாலருக்கும் மேல். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய்ப் பேட்டி கேட்கும் அதே ஆட்கள்தான் சீசன் முடிவில் அவர் சம்பளத்தை நிர்ணயிக்கிறார்கள். இது அந்த நிருபர்களுக்கும் நல்லதில்லை. நிருபர் வேலையும் இதுவும் ஒத்துவராது என்று சில அமெரிக்கப் பத்திரிகைகள் தங்கள் ஆட்களை வாக்களிக்கவே விடுவதில்லை, அது சரியான முடிவு.

விதி இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பத்து ஆட்டம் ஆடிவிட்டு விருது வாங்கிக்கொண்டு போவார்களே என்று கேட்கலாம். போக மாட்டார்கள், பழைய கதையே சாட்சி. 2016-17 சீசனில் இதே எம்பீடு அறிமுக ஆட்டக்காரராக 31 ஆட்டங்களில் அசத்தினார், திறமையில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஆனாலும் 31 போதாது என்று வாக்காளர்கள் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருதை மால்கம் பிராக்டனுக்குத்தான் கொடுத்தார்கள், எம்பீடு மூன்றாவது. எந்த விதியும் அவர்களைத் தடுக்கவில்லை, அவர்களாகவே யோசித்தார்கள். மறுபக்கம் 1977-78. போர்ட்லண்ட் அணியின் பில் வால்டன் ஆடியது 58 ஆட்டம்தான். அவர் காயப்படும்வரை அந்த அணி 60-ல் 50 ஜெயித்திருந்தது, அவர் போனதும் அணி தள்ளாடியது. அப்போது எம்விபிக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே, அவர்கள் வால்டனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய விதிப்படி அவர் பெயரைச் சீட்டில் எழுதவே முடியாது. 2025-ல் சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமா தோளில் இரத்தக்கட்டி வந்து 46 ஆட்டங்களோடு நின்றார். 46 போதாது என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அதை வாக்களிப்பவர் யோசித்துச் சொல்லட்டும்.

யோசித்துச் சொல்வதில்தானே இந்த விருதுகளின் ருசியே இருக்கிறது! 1961-62-ல் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தும், ஆட்டக்காரர்கள் எம்விபியை பில் ரஸ்ஸலுக்குக் கொடுத்தார்கள். அதே வருடம் ஆல்-என்பிஏ முதல் அணியில் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடுபவர்) இடம் வில்டுக்குப் போனது, ரஸ்ஸல் இரண்டாம் அணியில்! அறுபது வருடம் தாண்டியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024-25-ல் யோகிச் ஆட்டத்துக்குச் சராசரி 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்டு (தவறிய எறிதலில் பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்) என்று ஆடியும், 68 ஆட்டங்கள் ஜெயித்த ஓக்லஹோமாவின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு எம்விபி, 100-ல் 71 முதலிட வாக்குகள். எனக்கு அது சரியான முடிவு, என் நண்பனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் அடுத்த முறை ஒப்பந்தம் பேசும்போது விருதையும் சம்பளத்தையும் இணைக்கும் பிரிவை எடுத்துவிட வேண்டும். கூடுதல் சம்பளத்துக்கு விளையாடிய வருடங்களும் அணியின் விருப்பமும் போதும். ஓய்வுப் பிரச்சினைக்கு 82 ஆட்டங்களைக் குறைப்பதைப் பற்றிப் பேசட்டும், வருமானம் போகும் என்பதால்தான் அதை யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சீசன் முடிவில் கணிப்பு வெளியிடும்போது, 65-ஐ எட்டாததால் விலக்கப்பட்டவர்களின் பெயர்களையும், அவர்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும், ஏன் ஆடவில்லை என்பதையும் தனியாக ஒரு பெட்டியில் போடுங்கள். அவர்களில் யாருக்கு விருது கொடுத்திருப்போம் என்று வாசகர்களிடமும் கேளுங்கள், முதல் பதிலை நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகன்