ஆஸ்பத்திரி யார் பொறுப்பு என்பதை முதலில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரிகளைப் பொதுப் பல்கலைக்கழகங்களோடு இணைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இணைப்பு வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் பாடத்திட்டம் பற்றி அவ்வளவு எழுதிய கட்டுரையில் ஆஸ்பத்திரி பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏன் வேண்டும் என்கிறேன்? தருமபுரி மாவட்டத்தில் அரசு கலைக்கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரை பாட்டிலில் பிடித்துவருவார்கள். மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு உப்பு அதில் எவ்வளவு என்று லேபில் பார்ப்போம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும் போர்கள் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பாட்டிலைக் கொண்டுவந்த பிள்ளை சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். அளவை நோட்டில் குறித்துக்கொள்வோம், அத்தோடு சரி. அதே ஊர்ப் பெரியவர்கள் முட்டி வலி, இடுப்பு வலி என்று போய் நிற்பது பெரிய ஆஸ்பத்திரியில். அவர்களின் எக்ஸ்ரேயையும் எங்கள் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாரையும் நான் கண்டதில்லை. ஒருவரையும் குறை சொல்லவில்லை. கலைக்கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ், உயர்கல்வித் துறையில் இருக்கின்றன. 2008இல் வந்த தருமபுரி மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், சுகாதாரத் துறையில் இருக்கிறது. இந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு மருத்துவக் கல்லூரிகளும் பொதுப் பல்கலைக்கழகங்களில்தான் இருந்தன.

ஆனால் ஒரே குடைக்குள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சிதம்பரத்தைப் பாருங்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தது. 2013இல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் அரசிடம் வந்தது. அதன் பிறகும் மருத்துவ மாணவர்கள் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டினார்கள். வாரக்கணக்கில் போராடிய பிறகுதான், 2021இல், கல்லூரியும் ஆஸ்பத்திரியும் சுகாதாரத் துறைக்கு மாறின. கட்டணம் எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று 2013லேயே முடிவு செய்திருந்தால் அந்தப் பிள்ளைகள் போராட்டத்தில் உட்கார வேண்டி வந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் 2013இல்தான் கலைத்து, பெரும்பகுதியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். ஆனால் நியூவர்க் நகரில் அதற்கு இருந்த ஆஸ்பத்திரியை மட்டும் சேர்க்காமல் தனி அரசு நிறுவனமாக வைத்தார்கள்.

இங்கே மருத்துவக் கல்லூரி டீன்தான் ஆஸ்பத்திரிக்கும் தலைவர். வகுப்பெடுக்கும் பேராசிரியரேதான் காலையில் ஓ.பி.யில் உட்காருகிறார், வார்டுக்கும் போகிறார். அவரை இடமாற்றம் செய்வது யார், துணைவேந்தரா சுகாதாரத் துறையா? பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையைப் பார்ப்பதா, அவர் செய்த அறுவை சிகிச்சைகளைப் பார்ப்பதா? இப்போது மருந்து, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வருகிறது. நாளைக்கு இணைப்பு வந்த பிறகு, அவசரமாக ஒரு கருவி வாங்கப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூடும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. துணைவேந்தரே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் பல்கலைக்கழகங்களையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் ஆஸ்பத்திரியும் டாக்டர் நியமனமும் சுகாதாரத் துறையிடமே இருக்கட்டும். பட்டமும் ஆய்வும் பல்கலைக்கழகத்தோடு சேரட்டும். பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவில் மருத்துவர்களுக்கும் மற்ற துறையினருக்கும் எத்தனை இடம், கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் கலைக்கல்லூரியின் வேதியியல் துறையும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும். இந்த ஆண்டே பென்னாகரம் வட்டத்துப் போர் தண்ணீரையும் பள்ளிப் பிள்ளைகளின் பல்லையும் சேர்த்துப் பரிசோதித்துவிடலாம். எங்கள் பழைய நோட்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தருமபுரி.