கைப்பேசியை நீட்டிய அம்மாவுக்கும் உங்கள் அனைவருக்கும்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நேற்று அதிகாலை சென்னையில் இறங்கி, மதியத்துக்குள் கும்பகோணம் வந்து சேர்ந்தேன். தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். ஆஸ்திரியாவின் வியன்னாவில் காசு, கைப்பேசி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இழந்து நான் நின்றதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் செய்தி வேறொருவர் மூலமாக வந்திருக்கும். பெரியம்மா மகன் சொல்லி ஒருவருக்கு, அவர் சொல்லி இன்னொருவருக்கு என்று அன்றிரவே அது பல நாடுகளைச் சுற்றியிருக்கிறது. அந்தச் செய்தி கிளம்பியது ஒரு துப்புரவுப் பணியாளரின் கைப்பேசியிலிருந்து. இந்த மடலில் அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். நீங்கள் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வியன்னாவில் ஞாயிறு என்றால் கடைகள் அநேகமாக எல்லாமே அடைப்பு. முந்தின நாள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கூட்டம் நடந்த மரியாஹில்ஃபர் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. விடுதியறையைக் காலையிலேயே காலி செய்திருந்தேன். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தூதரகம் மறுநாள்தான் திறக்கும். கையில் காசில்லை, கைப்பேசியில்லை, பாஸ்போர்ட் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாய் வழியே அந்த நகரத்துக்கு வருகிற தண்ணீர். தெருவோரக் குழாயில் யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். வயிறு முட்டக் குடித்துவிட்டு வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்த இடத்துக்கு அருகே, பெட்டியின் மேல் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனின் வெண்கலச் சிலை இருக்கிறது. அது என்ன சிலை என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். 1938 டிசம்பர் 10 அன்று, நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்ட 600 யூதக் குழந்தைகளோடு அந்த நிலையத்திலிருந்துதான் ரயில் புறப்பட்டது. பெற்றோர் அங்கேயே நின்றுவிட, குழந்தைகள் மட்டும் பிரிட்டன் போனார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குள் பல ஊர்களிலிருந்தும் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். ஃப்ளோர் கென்ட் என்ற சிற்பி வடித்த அந்தச் சிலை, பிரிட்டன் மக்களுக்கு நன்றியாக 2008இல் அங்கே நிறுவப்பட்டது. அந்தக் குழந்தைகளின் துயரத்துக்குப் பக்கத்தில் என் துயரத்தை வைக்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும், ஒரு நன்றிச் சிலையின் அடியில்தான் எனக்கு உதவி வந்தது என்பதை நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் என்னைக் கடந்து போனார். திரும்பி வந்தபோது வண்டியை நிறுத்தினார். அறுபது வயதை ஒட்டியிருக்கும். பேசிய ஜெர்மன் எனக்குப் புரியவில்லை, என் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. அலுமினியத் தாளில் சுற்றியிருந்த பூரெக் என்ற அடுக்கு மாவுப் பண்டம் ஒன்றைப் பிட்டு, உள்ளே இருந்தது பாலாடைக்கட்டிதான் என்று விரித்துக் காட்டி, பெரிய துண்டை என்னிடம் கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை நின்றார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்: “மாமா?”

அம்மாவைக் கேட்கிறார் என்று புரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன். அம்மாவின் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நேரத்தில் கூப்பிட்டால் அம்மா தாங்க மாட்டார் என்று பயந்தேன். காலையில் தூதரகத்துக்குப் போய் ஏதாவது வழி பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் விடவில்லை. வலது கையிலிருந்த ரப்பர் உறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். மேலங்கிப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியில் ஒரு மூலை உடைந்து, அதன் மேல் பசைநாடா ஒட்டியிருந்தது. அதை அங்கியில் துடைத்து என் முன்னால் நீட்டினார். நான் வாங்கும்வரை கையை இறக்கவில்லை.

வியன்னாவில் அப்போது மாலை ஏழு மணி, ஊரில் இரவு பத்தரை. தெரியாத எண்ணை எடுக்காத அம்மா அன்று எடுத்தார். நான் சொல்லச் சொல்ல ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேட்டார்: “உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?”

“ஓர் அம்மா இருக்கிறார்.”

“அவரிடம் கொடு.”

கொடுத்தேன். அம்மா தமிழில் பேசினார், அவர் தம் மொழியில் பேசினார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்துதான் பதில் சொன்னார். பேசிக்கொண்டே அவர் இடது கையை என் தலைமேல் வைத்திருந்தார். வெளிநாட்டு அழைப்புக்கு அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்று இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒருமுறைகூட அவர் திரையைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கைப்பேசிக்கு உங்கள் அழைப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் எடுத்து என்னிடம் நீட்டினார். வேலை நேரம் முடிந்து உடை மாற்றிக்கொண்டு வந்தவர், வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வியன்னாவில் வசிக்கும் அக்கா ஒருவர், உங்கள் வழியாகச் செய்தி கிடைத்து, யூ3 மெட்ரோ ரயிலில் வந்து இறங்கி என் கையைப் பிடித்த பிறகுதான் எழுந்தார்.

அந்த அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும், அவர்கள் கொடுத்த அறைக்கும் ரசம் சாதத்துக்கும் நன்றி. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரச் சான்றிதழ் கிடைக்க வழிசெய்த தூதரக ஊழியர்களுக்கும், பொறுமையாகப் புகாரை எழுதிக்கொண்ட காவலருக்கும், பணம் அனுப்பிய நண்பர்களுக்கும், நான் வரும்வரை அம்மாவைத் தனியே விடாத எங்கள் தெருவுக்கும் நன்றி. கிளம்புவதற்கு முன் அக்கா என்னைக் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களை 1565இல் புரூகல் வரைந்த ஓவியத்தின் முன் நிற்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். நின்றேன். அழுதேன். அதற்கும் சேர்த்து நன்றி அக்கா.

வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பலாமா என்று உங்களில் சிலர் அம்மாவிடம் கேட்கிறீர்கள். அக்கறையில் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் நான் மறுபடியும் போவேன், தனியாகத்தான் போவேன். அந்த அம்மாவும் என் வயதில் செர்பியாவிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்தவர். 1966இல் ஆஸ்திரியா, அப்போது செர்பியாவை உள்ளடக்கியிருந்த யூகோஸ்லாவியாவோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டபின் வேலைக்கு வந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். இதெல்லாம் அக்கா கேட்டுச் சொன்னது.

ஒன்று மட்டும் உறுதி எடுத்திருக்கிறேன். சென்னை சென்ட்ரலில் மொழி தெரியாமல் வந்து இறங்கி, ஒரே ஒரு போன் செய்துகொள்ளட்டுமா என்று சைகையால் கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். திருட்டுப் பயத்தில் எல்லோரும் விலகிப் போகிறோம். இனி நான் நின்று, எண்ணைக் கேட்டு, நானே அழைத்து, கைப்பேசியை அவர்கள் கையில் கொடுப்பேன்.

அந்த எண்ணை அம்மா தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார். வரும் ஞாயிறு அக்காவையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அவரை அழைக்கப் போகிறோம். இந்த மடலை அக்கா அவருக்கு ஜெர்மனில் வாசித்துக் காட்டுவார். அக்கா, அம்மாவும் அவரும் பேசிக்கொண்ட இடத்தை மட்டும் நிதானமாக வாசியுங்கள். அவருக்கும் ஜெர்மன் வந்த இடத்தில் கற்றுக்கொண்ட மொழிதான்.