ஆண்ட்ரோமகி போடச் சொன்ன வெந்நீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கிரேக்கக் காவியங்கள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு குறைதான். காதல் என்று வந்ததும் கட்டுரையாளர் டிராய் இளவரசன் பாரிஸையும், கணவனை விட்டு அவனோடு போன கிரேக்க அரசி ஹெலனையும் சொல்லி முடித்துவிட்டார். அவர்கள் டிராய் நகருக்கு ஓடிவந்த கதையை, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் விரித்துச் சொல்வதே இல்லை. மூன்றாம் காண்டத்தில் பாரிஸ் தனிச்சண்டையில் தோற்றுத் தப்பி வரும்போது, 'அங்கேயே செத்திருக்கலாமே' என்றுதான் ஹெலன் வரவேற்கிறாள்!

ஹோமர் மனசு வைத்து எழுதிய ஜோடி பாரிஸின் அண்ணன் ஹெக்டரும் அவன் மனைவி ஆண்ட்ரோமகியும். அவளுடைய அப்பாவையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் கிரேக்க வீரன் அக்கிலீஸ். அம்மாவும் இல்லை. 'எனக்கு அப்பா, அம்மா, சகோதரன், கணவன் எல்லாம் நீதான், போருக்குப் போகாதே' என்று கோட்டை வாசலில் அழுகிறாள். கைக்குழந்தை அப்பாவின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்து வீறிடுகிறது. பெற்றவர்கள் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். இந்தக் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். என்னால் தாண்டவே முடியாத இடம் 22ஆம் காண்டத்தில் இருக்கிறது. வெளியே ஹெக்டர் செத்துக் கிடக்கிறான். வீட்டுக்குள் ஆண்ட்ரோமகி தறியில் பூ நெய்துகொண்டே, அவன் வந்ததும் குளிக்க வெந்நீர் போடச் சொல்கிறாள். அப்புறம்தான் மதில் பக்கமிருந்து அழுகுரல் கேட்கிறது.

ஹெலனுக்கும் அன்பு கிடைத்தது, ஆனால் காதலாக அல்ல. ஹெக்டரின் உடலருகே மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். மனைவி, தாய், கடைசியாக ஹெலன். புகுந்த வீட்டார் ஏசியபோதெல்லாம் தடுத்துப் பேசியவர் கணவனின் அண்ணனான இவர்தான், தன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்கிறாள்.

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், டிராய்ப் போருக்குப் போன கணவன் ஒடிசியஸுக்காகப் பெனலோப்பி 20 ஆண்டு காத்திருந்தது அனைவரும் அறிந்ததே. ஒடிசியஸின் அப்பா லேர்டீஸை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். மகன் ஒடிசியஸ் திரும்பி வரும்போது, கிழவர் ஒட்டுப்போட்ட உடையில் தோட்டத்தில் ஒரு செடியைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறார். மகனோ உடனே கட்டிக்கொள்ளாமல், யாரோ அந்நியன் போலப் பேசிச் சோதிக்கிறான். கிழவர் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிறார். (ஒடிசியஸை இதற்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை.) பிறகு தான் யாரென்று சொல்கிறான். அவர் அடையாளம் கேட்கிறார். காலிலுள்ள தழும்பைக் காட்டுகிறான். அதோடு விடவில்லை. சிறுவயதில் இதே தோட்டத்தில் அப்பாவின் பின்னாலேயே சுற்றியபோது, அவர் தனக்கென்று கொடுத்த மரங்களை எண்ணிச் சொல்கிறான்: 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி, தருவதாகச் சொன்ன 50 வரிசைத் திராட்சைக் கொடி. கணக்கு சரியாக இருக்கிறது. முழங்கால் தளர்ந்து மகன்மேல் சாய்கிறார் கிழவர்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதானால் இந்தத் தோட்டத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கவேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்