கொண்டைக்கடலையை நிறுத்தாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. ஜிம்முக்குப் போகிறாய், சந்தோஷம். ஆனால் சோறு இல்லை, பருப்பு இல்லை, கடலை இல்லை, பழம்கூட இல்லை, கோழியும் முட்டையும் புரதப் பவுடரும்தான் என்றாய். வயிறு சரியில்லை என்றதும் கூட இருக்கும் பையன் புரோபயாட்டிக் மாத்திரை, அதாவது உயிருள்ள பாக்டீரியா அடைத்த மாத்திரை, வாங்கச் சொன்னானாம். வாங்குவதற்கு முன்னால் அம்மா சொல்வதைக் கொஞ்சம் கேள். ஆஸ்பத்திரி லேபில் திசுக்களைச் சீவிச் சாயம் ஏற்றியே வேலை பார்த்தவள் நான். குடலை மைக்ராஸ்கோப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெருங்குடல் துண்டு ஒன்றுக்கு அல்சியன் ப்ளூ சாயம் ஏற்றினால் வரிசை வரிசையாக நீல உருண்டைகள் தெரியும். அவை கோப்பைச் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மியூசின் என்ற பொருள் அடைத்துக்கொண்டு இருக்கும். வெளியே வந்ததும் அது தண்ணீரை இழுத்து உப்பி, நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பு மாதிரி குடல் சுவர் முழுவதும் படர்ந்துவிடும். ஆனால் அந்தப் படலம் சாதாரண ஸ்லைடில் தெரியாது. திசு கெடாமல் இருக்க நாங்கள் ஃபார்மலினில் போடுவோம், அதில் படலம் சுருங்கிப் போய்விடும். தண்ணீர் சேராத கார்னாய் திரவத்தில் போட்டால்தான் அது முழுசாக நிற்கும். முதல் தடவை அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தபோது, இத்தனை நாள் வெற்றிடம் என்று நினைத்த இடத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று பிரமித்துவிட்டேன்.

2008இல் சுவீடனின் கோதென்பர்க் பல்கலைக்கழகத்தில் குன்னார் ஹான்சனின் குழு எலிகளின் பெருங்குடலில் இதைத் தெளிவாகக் காட்டியது. படலம் ஒன்று இல்லை, இரண்டு. வெளி அடுக்கு தளர்வானது, பாக்டீரியா அதில் குடியிருக்கும். உள் அடுக்கு இறுக்கமாகச் சுவரை ஒட்டியிருக்கும், அதற்குள் பாக்டீரியா நுழைய முடியாது. மியூசினை உண்டாக்க முடியாத எலிகளில் பாக்டீரியா நேராகச் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அந்த எலிகளுக்குக் குடல் அழற்சியும் வரும். ஒரு மனித உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு பெருங்குடலில்தான். அத்தனைக்கும் உன் செல்களுக்கும் நடுவே இருப்பது இந்தச் சளிப்படலம்தான் தம்பி.

இதைக் கேட்டுவிட்டு பாக்டீரியா என்றாலே எதிரி என்று நினைத்துவிடாதே. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்தப் படலம் ஒழுங்காக அமைவதில்லை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். செல் தெம்பாக இருந்தால் மியூசினும் தாராளமாகச் சுரக்கும்.

நார்ச்சத்து வரவில்லை என்றால்? என் கவலையே அங்கேதான். மியூசினில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகள். சாப்பாடு கிடைக்காத பாக்டீரியாவில் சில அந்தச் சங்கிலிகளையே கழற்றித் தின்ன ஆரம்பித்துவிடும். மனிதக் குடலில் இருக்கும் 14 வகை பாக்டீரியாவை எலிகளுக்குள் குடியேற்றி, நார்ச்சத்தே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2016இல் வந்தது. மியூசினைத் தின்னும் வகைகள் பெருகின, படலம் மெலிந்தது. அப்புறம் ஒரு நோய்க்கிருமியை உள்ளே விட்டபோது அந்த எலிகள் மோசமாகப் பாதிக்கப்பட்டன. எலிக்கு நடந்தது அப்படியே உனக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திசை தெரிகிறது இல்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்படிப் பெருகியவற்றில் ஒன்று அக்கர்மான்சியா. 2004இல் நெதர்லாந்தில் பெயர் வைத்தார்கள். மியூசினைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. ஆனால் கொழுப்பு அதிகமான தீனி தின்ற எலிகளுக்கு அதையே கொடுத்தபோது, மெலிந்திருந்த படலம் திரும்பவும் தடித்தது. அதனால் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பிரித்து மாத்திரையில் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ போய்விடும். உள்ளே இருப்பவற்றுக்கு நீ என்ன போடுகிறாய் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

உன் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தையும் படி. கலவை பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்று இருந்தால் வேறு வாங்கு. அவை எலிகளில் இந்தப் படலத்தைக் கெடுத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

புரதம்தான் வேண்டும் என்றால் கொண்டைக்கடலையில் இல்லாததா? சின்ன வயசில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகளை வாங்கித் தந்தால், சூடாக அவித்த கடலையைத்தான் முதலில் பொறுக்கித் தின்பாய். இங்கே சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரையைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, கடலை, பாசிப்பயறு, கேழ்வரகு மாவு எல்லாம் கிடைக்கும். இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் தட்டில் பாதி காய்கறி, பழம் என்று சொல்கிறது. நீ கோழியைக் குறைக்க வேண்டாம், பக்கத்தில் அந்தப் பாதியை வை, போதும்.

ஒரே நாளில் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடாதே, வயிறு ஊதிவிடும். முதல் வாரம் ஒரு கைப்பிடி கடலை போதும், ராத்திரியே ஊறவைத்து நன்றாக வேகவை. தண்ணீர் நிறையக் குடி. மலத்தில் ரத்தமோ தொடர்ந்து சளியோ கண்டால் மட்டும் கடலை, கீரை என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போ. அப்பாவும் இதைத்தான் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. என்ன சமைத்தாய் என்று சொல்.

அன்புடன்,
அம்மா